படித்துக் களைத்த மாலையில் ஓடுவது எப்படி? சீருடைத் தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கு

சீருடைப் பணியாளர் தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கு ஒரே நாளில் இரண்டு வேலை. பகலெல்லாம் தமிழ்த் தகுதித் தேர்வுக்கும் பொது அறிவுக்கும் உளவியல் கணக்குகளுக்கும் படிக்க வேண்டும். அதே நாளில் மைதானத்துக்குப் போய் ஓடவும் வேண்டும். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள்ளும், பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடிக்குள்ளும் ஓடி முடித்தால்தான் கயிறு ஏறுதல், நீளம் தாண்டுதல் போன்ற அடுத்த கட்டத்துக்கே போக முடியும். எங்கள் ஊர்க் கல்லூரி மைதானத்தில் இந்தப் பிள்ளைகளோடு சில ஆண்டுகளாக ஓடிவருகிறேன். அவர்களில் பலர் ஒரே தவறான முடிவுக்கு வருவதைப் பார்க்கிறேன். நாள் முழுக்கப் படித்துவிட்டு மாலையில் ஓடும்போது நேரம் கூடிவிட்டால், உடம்பு இறங்கிவிட்டது என்று பயந்து, மறுநாள் இரண்டு ரவுண்டு கூட்டி ஓடுகிறார்கள். பல நேரங்களில் இறங்கியிருப்பது உடம்பு அன்று.

இதை நான் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டது ஒரு தம்பியிடம். நூலகத்தில் காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்து ஐந்து மணிக்கு எழுந்து, நேராக மைதானத்துக்கு வந்திருந்தார். ஷூ கயிற்றைக் கட்டிவிட்டு, கட்டினோமா இல்லையா என்று மறுபடி குனிந்து பார்த்தார். இரண்டு ரவுண்டு, ரவுண்டுக்கு 1 நிமிடம் 50 விநாடி என்று பேசி ஓடினோம். நின்றவுடன் அவருடைய கழுத்து நாடியில் விரல் வைத்து 10 விநாடிக்கு எண்ணினேன், 29 துடிப்பு. அதே வாரத்தில் ஒரு காலையில் அதே வேகத்தில் ஓடியபோதும் 29 தான். ஆனால் அன்று காலையில், பத்துக்கு எவ்வளவு சிரமம் என்று கேட்டதற்கு ஐந்து என்றவர், இந்த மாலையில் எட்டு என்றார். "காலு வலிக்கலண்ணே, மூச்சும் வாங்கல, ஆனா ஓட முடியல" என்று அவர் சொன்னதுதான் இந்தக் கட்டுரையின் பொருள் முழுவதும்.

மூளைக் களைப்பு என்ன செய்கிறது

இத்தாலியின் டூரின் நகரில் பணியாற்றிய உடலியல் அறிஞர் ஆஞ்செலோ மோஸ்ஸோ, 1891-இல் வெளியிட்ட நூலிலேயே இதைப் பதிவுசெய்திருக்கிறார். விரலால் ஓர் எடையைத் திரும்பத் திரும்ப இழுக்கச் செய்து தசையின் தாங்குதிறனை அளக்கும் கருவி ஒன்றை அவர் அமைத்திருந்தார். மாணவர்களுக்கு நீண்ட நேரம் வாய்மொழித் தேர்வு நடத்திவிட்டு வந்த பேராசிரியர்களின் விரல் வழக்கத்தைவிட விரைவில் ஓய்ந்துபோவதை அதில் கண்டார். அந்த விரல் தேர்வு நடத்தியபோது ஒரு வேலையும் செய்யவில்லை.

இதை இன்றைய கருவிகளோடு சோதித்தது, வேல்ஸ் நாட்டின் பாங்கர் பல்கலைக்கழகத்தில் சாமுவேலே மார்கோரா குழுவினர் 2009-இல் வெளியிட்ட ஆய்வு. 16 பேரை ஒரு நாள் 90 நிமிடம் கணினியில் கவனமும் நினைவும் இடைவிடாமல் தேவைப்படும் வேலையைச் செய்ய வைத்தார்கள். இன்னொரு நாள் அதே 90 நிமிடம் ஆவணப்படம் பார்க்க வைத்தார்கள். இரண்டு நாளும் அதன்பின், அவரவர் உச்சத் திறனில் 80 விழுக்காடு அளவுக்குச் சைக்கிள் மிதிக்கச் செய்தார்கள். படம் பார்த்த நாளில் சராசரியாக 754 விநாடி தாங்கியவர்கள், மூளையைக் களைக்க வைத்த நாளில் 640 விநாடியில் நிறுத்திவிட்டார்கள். இதயத் துடிப்பிலோ, உயிர்வளி உட்கொள்ளலிலோ, கடும் உழைப்பில் இரத்தத்தில் சேரும் லாக்டேட் என்னும் பொருளிலோ இதற்குக் காரணமாகச் சொல்லும்படி வேறுபாடு ஒன்றும் இல்லை. ஊக்கம் குறைந்ததாகவும் அவர்கள் சொல்லவில்லை. மாறியது ஒன்றே ஒன்று: அதே வேலை தொடக்கத்திலிருந்தே அவர்களுக்கு அதிகச் சிரமமாகத் தோன்றியது, ஆகவே, இனி முடியாது என்ற எல்லையை முன்னதாகவே தொட்டார்கள்.

ஓட்டத்திலும் இது தெரிந்திருக்கிறது. 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், "சிவப்பு" என்ற சொல் நீல நிறத்தில் எழுதப்பட்டிருக்க, சொல்லை விட்டுவிட்டு நிறத்தைச் சொல்ல வேண்டிய ஸ்ட்ரூப் பயிற்சியை 30 நிமிடம் செய்துவிட்டு 5 கிலோமீட்டர் ஓடியவர்கள் சராசரியாக 24.4 நிமிடம் எடுத்தார்கள். எளிதான பயிற்சி செய்துவிட்டு ஓடிய நாளில் 23.1 நிமிடம். பின்வந்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் இந்த அளவு வேறுபாடு வரவில்லை. விளைவு எவ்வளவு பெரியது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் வாதம் நடக்கிறது. 5 கிலோமீட்டரில் கண்ட விகிதத்தை அப்படியே 1500 மீட்டரில் வைத்துக் கணக்குப் போடுவதும் சரியாகாது. ஆனால் 6 நிமிடம் 50 விநாடியில் ஓடிக்கொண்டிருக்கும் ஒருவருக்குத் தேர்வில் கையிருப்பாக இருப்பது பத்தே விநாடி; அவருக்குச் சிறு விளைவும் பெரிய விளைவுதான்.

மூளையில் என்ன நடக்கிறது என்பதற்கு இரண்டு விளக்கங்கள் முன்வைக்கப்படுகின்றன. நெடுநேரம் கவனத்தைக் குவிக்கும்போது அடினோசின் என்னும் பொருள் சேர்ந்து, சிரமத்தை எடைபோடும் பகுதிகளைப் பாதிக்கிறது என்பது ஒன்று. பாரிஸில் செய்யப்பட்டு 2022-இல் வெளியான ஆய்வு, நாள் முழுக்கக் கடினமான சிந்தனை வேலை செய்தவர்களின் நெற்றிப்புற மூளையில் குளூட்டமேட் என்னும் வேதிப்பொருள் சேர்வதைக் காட்டியது; அது மற்றொன்று. எது முழு உண்மையாக இருந்தாலும், மைதானத்தில் நாம் செய்ய வேண்டியது மாறாது.

முதலில் அளந்து பாருங்கள்

ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். ஓடப் போகும் முன், மனம் எவ்வளவு களைத்திருக்கிறது என்பதை 0 முதல் 10 வரை ஓர் எண்ணாக எழுதுங்கள். ஓடி முடித்ததும் ஓட்டம் எவ்வளவு சிரமமாக இருந்தது என்பதை அதே போல இன்னோர் எண்ணாகவும், பக்கத்தில் நேரத்தையும், நின்றவுடன் 10 விநாடியில் எண்ணிய துடிப்பையும் எழுதுங்கள். சிரமத்தை எண்ணாகச் சொல்லும் இந்த முறையை வகுத்தவர் ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் கன்னர் போர்க்; உலகெங்கும் பயிற்சியாளர்களும் மருத்துவர்களும் இதைப் பயன்படுத்துகிறார்கள். ஒவ்வொரு வாரமும் காலையில் ஒரு நாளும் மாலையில் ஒரு நாளும் ஒரே வேகத்தில் இரண்டு ரவுண்டு ஓடி இதை எழுதிவந்தால், மூன்று வாரத்தில் உங்கள் கதை உங்களுக்கே தெரிந்துவிடும்.

நேரமும் துடிப்பும் மாறாமல் சிரமத்தின் எண் மட்டும் கூடியிருந்தால், அது பெரும்பாலும் மூளைக் களைப்பு. அதே வேகத்துக்குத் துடிப்பு வழக்கத்தைவிடக் கூடுதலாக இருந்தால், வெயில், நீர் குறைவு, காய்ச்சல், முந்தைய நாளின் கடும் பயிற்சி, உறக்கக் குறைவு ஆகியவற்றை யோசிக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால்தான், ஓய்வு தேவைப்படும் உடம்பை விரட்டுவதும், ஒன்றும் ஆகாத உடம்புக்கு ஓய்வு கொடுப்பதும் நடக்கின்றன.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். மார்பு வலி, தலைச்சுற்றல், கண் இருட்டுதல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் ஆகியவற்றை மூளைக் களைப்பு என்று ஒதுக்கக் கூடாது. உடனே ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும். வாரக்கணக்கில் எந்த நேரத்திலும் ஓட்டம் வராத பெண்கள், ஒருமுறை ஹீமோகுளோபின் அளவைப் பார்த்துக்கொள்வது நல்லது. இரத்தசோகை நம் பெண்களிடம் பரவலாக இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு எத்தனை ரவுண்டு ஓடினாலும் முன்னேற்றம் வராது, அந்தப் பிள்ளை தன்னைத்தானே திட்டிக்கொள்வதுதான் மிச்சமாகும்.

நாளை எப்படி அடுக்குவது

மூளைக் களைப்பு எல்லா உடல் வேலையையும் ஒரே அளவில் பாதிப்பதில்லை என்பது நமக்குப் பெரிய வசதி. நீண்ட நேரம் தாங்க வேண்டிய வேலைதான் முக்கியமாகப் பாதிக்கப்படுகிறது. ஒரே மூச்சில் போடும் அதிகபட்ச வலிமையும், சில விநாடிகளில் முடியும் வேகமும் பெரும்பாலும் குறைவதில்லை. இதைக் கொண்டே வாரத்தை அடுக்கலாம்.

வாரத்தின் இரண்டு கடினமான ஓட்டங்களை, அதாவது 1500 மீட்டரை நேரம் வைத்து ஓடுவதையும் 400 மீட்டர்களைத் திரும்பத் திரும்ப ஓடுவதையும், புத்தகத்தைத் திறப்பதற்கு முன் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். எழுந்தவுடன் படித்தால் மனத்தில் நிற்கும் என்று விடிகாலையை முழுக்கப் படிப்புக்குக் கொடுத்துவிடுகிறவர்கள் பலர். அந்த இரண்டு நாள் மட்டும் ஐந்தரை மணிக்கு மைதானத்தில் இருந்துவிட்டு, குளித்துச் சாப்பிட்டு, ஏழரை மணிக்குப் புத்தகத்தை எடுத்தால் படிப்புக்கு ஒன்றும் குறைந்துவிடாது. மாலை நேரத்துக்கு 100 மீட்டர் ஓட்டம், நீளம் தாண்டுதலுக்கான ஓட்டமும் எழும்புதலும், புல்-அப்ஸ் போன்ற வலிமைப் பயிற்சி, மெதுவான நீள் ஓட்டம் ஆகியவற்றைத் தள்ளுங்கள். புல்-அப்ஸில் கூட, இனி ஒன்றும் முடியாது என்னும் வரை எடுப்பது மாலையில் சில எண்கள் குறையத்தான் செய்யும். அதைக் கணக்கில் எடுத்து மனம் வருந்தத் தேவையில்லை.

நுட்பம் வேறு விஷயம். கால்பந்து வீரர்களிடம் 2016-இல் செய்த ஆய்வில், மூளைக் களைப்புக்குப் பின் ஓட்டம் மட்டுமல்லாமல் பந்தைக் கடத்தும் துல்லியமும் குறைந்தது. நீளம் தாண்டுதலில் பலகையை மிதிக்கும் அடியைத் திருத்துவது, கயிற்றில் காலைப் பூட்டும் முறையை முதன்முதலாகக் கற்பது போன்றவற்றைக் களைத்த மாலையில் வைத்துக்கொள்ளாதீர்கள். குறிப்பாகக் கயிறு. ஐந்து மீட்டர் உயரத்தில் கவனம் ஒரு நொடி நழுவினால் ஏற்படும் விளைவை ஓட்டத்தில் போகும் சில விநாடிகளோடு ஒப்பிடவே கூடாது.

மாலை மட்டுமே கிடைக்கிறவர்கள் என்ன செய்வது

பகலில் வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவர்கள், விடிகாலையில் மைதானத்துக்குத் தனியாகப் போவதை வீட்டில் அனுமதிக்காத பெண் பிள்ளைகள் என்று பலருக்கும் மாலைதான் வாய்க்கிறது. அவர்களுக்கு நான் சொல்வது, புத்தகத்தை மூடுவதற்கும் ஓட்டத்தைத் தொடங்குவதற்கும் நடுவில் குறைந்தது முக்கால் மணி நேர இடைவெளி. அந்த இடைவெளியில் மனத்துக்கு எந்த வேலையும் இருக்கக் கூடாது. மைதானத்துக்கு நடந்து போவது, மொட்டை மாடியில் கண் மூடிப் படுப்பது, வீட்டில் துணி மடித்து வைப்பது, எதுவானாலும் சரி.

கைபேசி மட்டும் கூடாது. இதைத்தான் எல்லோரும் எதிர்க்கிறார்கள், ஏனென்றால் அது ஓய்வு போலவே தோன்றுகிறது. ஆனால் அரை மணி நேரத்தில் நூறு காணொளிகளைத் தள்ளிவிடும்போது, ஒவ்வொன்றுக்கும் பார்க்கலாமா வேண்டாமா என்று ஒரு முடிவை மூளை எடுக்கிறது. குத்துச்சண்டை, கால்பந்து வீரர்களிடம் செய்த ஆய்வுகளில், போட்டிக்கு முன் அரை மணி நேரமோ அதற்கு மேலோ சமூக ஊடகங்களைப் பார்த்தவர்களின் முடிவெடுக்கும் திறன் குறைந்ததைக் கண்டிருக்கிறார்கள். மைதானத்தின் படிக்கட்டில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கும் வரிசையைப் பார்க்கும்போதெல்லாம், அவர்கள் கையிலிருந்து அதை வாங்கி வைத்துவிட வேண்டும் போல எனக்கு இருக்கும். இப்போது எங்கள் குழுவில் ஒரு துணிப் பை வைத்திருக்கிறோம், வந்தவுடன் எல்லாரும் அதில் போட்டுவிடுகிறார்கள்.

காபி உதவும். காபியில் இருக்கும் கஃபீன், அடினோசின் உட்காரும் இடத்தை மூளையில் அடைத்துக்கொள்கிறது. அதனால் சிரமம் குறைவாகத் தெரிகிறது. குடித்த அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் அதன் அளவு இரத்தத்தில் உச்சத்துக்கு வரும் என்பதால், ஆறு மணிக்கு ஓடுகிறவர் ஐந்து மணிக்குக் குடிக்கலாம். ஒரு டம்ளர் போதும். உடம்பில் சேர்ந்த கஃபீன் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகிறது. படுப்பதற்கு ஆறு மணி நேரத்துக்கு முன் 400 மில்லிகிராம் எடுத்தவர்களுக்குக்கூட ஒரு மணி நேரத்துக்கும் மேல் உறக்கம் குறைந்ததை ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. உறக்கத்தை விற்று ஓட்டத்தை வாங்கினால், மறுநாள் படிப்பும் ஓட்டமும் சேர்ந்து கெடும். படபடப்பு வருகிறவர்களும், இதயக் கோளாறோ இரத்த அழுத்தமோ உள்ளவர்களும் மருத்துவரிடம் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம்.

சாப்பாட்டைப் பற்றி ஒரே வார்த்தை: மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டவர் ஆறு மணிக்கு வெறும் வயிற்றில் ஓடக் கூடாது. ஒரு வாழைப்பழமோ நாலு பேரீச்சம்பழமோ நாலரை மணிக்கு வயிற்றுக்குள் போயிருக்க வேண்டும்.

ஓடும்போது

களைத்த மாலையில் உணர்வை நம்பி ஓடாதீர்கள். கடிகாரத்தை நம்பி ஓடுங்கள். மூளைக் களைப்பு பொய் சொல்வது உணர்விடம்தான். கடிகாரத்திடம் அது செல்லுபடியாகாது. 400 மீட்டர் தடத்தில் 1500 மீட்டர் என்பது மூன்றே முக்கால் ரவுண்டு. 7 நிமிடத்தில் முடிக்க ரவுண்டுக்கு 1 நிமிடம் 52 விநாடி. 6 நிமிடம் 30 விநாடி என்று குறி வைத்தால் ரவுண்டுக்கு 1 நிமிடம் 44 விநாடி. முதலில் வரும் 300 மீட்டருக்கு இவை முறையே 84 விநாடியும் 78 விநாடியும் ஆகும். இந்த நான்கு எண்களும் உங்கள் நாக்கு நுனியில் இருக்க வேண்டும். ஓடும் தோழர் ஒருவர் கோட்டில் நின்று ஒவ்வொரு ரவுண்டுக்கும் நேரத்தைக் கத்திச் சொன்னால், வேகத்தைக் கணக்குப் போடும் வேலையும் உங்கள் மூளைக்கு மிச்சம்.

ஓடும்போது மனத்துக்குள் சொல்லிக்கொள்ளும் வார்த்தையும் பயன் தருவதை 2014-இல் 24 பேரிடம் செய்த ஓர் ஆய்வு காட்டியது. தமக்கு ஊக்கம் தரும் சொற்களைத் தாமே தேர்ந்து இரண்டு வாரம் பழகியவர்கள், சைக்கிளில் 18 விழுக்காடு கூடுதல் நேரம் தாங்கினார்கள். அவர்களுக்குச் சிரமமும் குறைவாகத் தெரிந்தது. அந்தச் சொல் உங்களுடையதாக இருக்க வேண்டும், குட்டையாக இருக்க வேண்டும், காலின் தாளத்தோடு ஒட்ட வேண்டும். எங்கள் குழுவில் ஒரு பெண் "இன்னும் கொஞ்சம்" என்பாள். மற்றொருத்தி தன் அம்மாவின் பெயரைச் சொல்லிக்கொண்டு ஓடுவாள். எந்தச் சொல்லை எந்த இடத்தில் சொல்வது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். 1500-இல் அது பெரும்பாலும் மூன்றாவது ரவுண்டின் எதிர்ப்புற நேர்த்தடம். நின்றுவிடலாமா என்ற கேள்வி அங்கேதான் வருகிறது.

அளவான வேகத்தில் பத்து நிமிடம் வார்ம்-அப் செய்தபின்னும் சிரமம் எட்டுக்குக் குறையவில்லை என்றால், அன்றைய கடின ஓட்டத்தை விட்டுவிட்டு அரை மணி நேரம் மெதுவாக ஓடிவிட்டு வீட்டுக்குப் போங்கள். நோட்டில் அதையும் எழுதுங்கள்.

களைப்பையே பயிற்சியாக்குவது

2016-இல் தொழில்முறைச் சைக்கிள் வீரர்களையும் பொழுதுபோக்குக்காக ஓட்டுகிறவர்களையும் ஒப்பிட்ட ஆய்வில், ஸ்ட்ரூப் பயிற்சிக்குப் பின் 20 நிமிடம் மிதித்தபோது பொழுதுபோக்குக்காரர்களின் வேகம் குறைந்தது. தொழில்முறை வீரர்களுக்குக் குறையவில்லை. அது பிறவியிலேயே அமைந்ததா, ஆண்டுக்கணக்கான பயிற்சியில் வந்ததா என்பதை அந்த ஓர் ஆய்வை வைத்து முடிவு செய்ய முடியாது. ஆனால் பழகினால் தாங்கும் என்ற எண்ணத்தில், உடற்பயிற்சியோடு மூளைப் பயிற்சியையும் சேர்த்துத் தரும் முறைகளை மார்கோராவும் பிறரும் சோதித்துவருகிறார்கள்.

இதற்கு நமக்குக் கணினி தேவையில்லை. நம் கையில் மாதிரித் தேர்வுத் தாள் இருக்கிறது. அடித்தள ஓட்டம் இரண்டு மாதம் சீராக நடந்தபின், வாரத்துக்கு ஒரே ஒரு நாள், மைதானத்திலேயே உட்கார்ந்து 80 நிமிடம் மாதிரித் தேர்வு எழுதிவிட்டு, எழுந்து பத்து நிமிடத்தில் ஓடுங்கள். வேகம் உங்கள் இலக்கைவிட ரவுண்டுக்கு ஐந்து விநாடி மெதுவாக இருக்கட்டும். நோக்கம் வேகம் அன்று. சிரமம் எட்டு என்று மனம் சொல்லும்போதும் கால் அதே தாளத்தில் போகும் என்பதை நீங்கள் நேரில் காண்பது. வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். தேர்வுக்கு முந்தைய பத்து நாளில் வேண்டவே வேண்டாம்.

உடற்தகுதித் தேர்வு நாளில்

அன்று ஓட்டத்துக்கு முன்பே சான்றிதழ் சரிபார்ப்பு, உயரம், மார்பளவு என்று வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். சான்றிதழ் ஒன்று இருக்கிறதா, நகல் எடுத்தோமா, பெயர் எழுத்து ஒத்துப்போகிறதா என்று அங்கே நின்று யோசிப்பதும் மூளைக்கு வேலைதான். எல்லாத் தாள்களையும் இரண்டு நாள் முன்பே அழைப்புக் கடிதத்தில் சொன்ன வரிசையில் கோப்பில் அடுக்கி, மற்றொருவரைச் சரிபார்க்கச் சொல்லி, மூடி வையுங்கள். முதல் நாள் இரவு அந்தக் கோப்பைத் திறக்க வேண்டாம்.

வரிசையில் இருக்கும்போது பக்கத்தில் நிற்பவர், போன பிரிவில் எத்தனை பேர் தோற்றார்கள் என்று சொல்லத் தொடங்குவார். மரியாதையாகச் சற்றுத் தள்ளி, நிழலில் உட்கார்ந்து, அடிக்கடி ஒரு மடக்கு தண்ணீர் குடித்துக்கொண்டிருங்கள். உங்கள் பிரிவை அழைக்கும் முன் பத்து நிமிடம் நடையும் மெது ஓட்டமுமாகக் காலைச் சூடாக்குங்கள். விசில் ஊதியதும் கூட்டமே பாய்ந்து ஓடும். உங்கள் குறி 6 நிமிடம் 30 விநாடி என்றால், முதல் 300 மீட்டரை 75 விநாடிக்குக் குறைவாகக் கடக்காதீர்கள். முன்னால் பாய்ந்தவர்களில் பலரை மூன்றாவது ரவுண்டில் தாண்டிப் போவீர்கள்.